விவாதத்தில் ஜெயித்தது யார்? அமெரிக்க அதிபர் விவாதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 9 மணி என்றால் நமக்குக் காலை 6:30. அதிபர் வேட்பாளர்கள் மேடையேறும்போது நம் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும். விவாதம் முடிய எட்டு மணி ஆகிவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "யார் ஜெயிச்சாங்க?" பல தேர்தல்களாக இந்த விவாதங்களை விடாமல் பார்க்கிறவன் என்பதால் கேள்வி எப்படியும் என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். யார் ஜெயித்தார் என்பது ஒரு கேள்வி, யாருக்கு ஓட்டு கூடியது என்பது வேறு கேள்வி. இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வெற்றியாளரை அதிகாரபூர்வமாக அறிவிப்பது யார்?

யாரும் இல்லை. பட்டிமன்றம் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கே நடுவர் கடைசியில் இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வார். இங்கே மேடையில் இருக்கும் நெறியாளருக்குக் கேள்வி கேட்பதும் நேரத்தைக் கவனிப்பதும்தான் வேலை. மதிப்பெண் கிடையாது. 1976 முதல் 1984 வரை மகளிர் வாக்காளர் கழகம் விவாதங்களை நடத்தியது. 1987இல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1988 முதல் 2020 வரை அந்த ஆணையம் நடத்தியது. 2024இல் இரு தரப்பும் ஆணையத்தை ஒதுக்கிவிட்டு நேராகத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் போயின. நடத்தியவர்கள் மாறினார்களே தவிர, தீர்ப்பு சொல்லும் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. அந்தக் காலி நாற்காலியில் உட்காரத்தான் இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள்: கருத்துக்கணிப்பாளர்கள், டிவி அலசல் குழுக்கள், கட்சிப் பேச்சாளர்கள், மீம்ஸ் போடுகிறவர்கள்.

அப்படியானால் "67 சதவீதம் பேர் இவர்தான் வென்றார் என்கிறார்கள்" என்ற எண் எங்கிருந்து வருகிறது?

உடனடிக் கருத்துக்கணிப்பிலிருந்து. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் மோதிய விவாதத்தை எடுத்துக்கொள்வோம். சிஎன்என்னுக்காகக் கணிப்பு நடத்தியவர்கள், விவாதத்தைப் பார்க்கப்போவதாக முன்கூட்டியே சொல்லியிருந்த பதிவு பெற்ற வாக்காளர்களைக் கையில் வைத்திருந்தார்கள். விவாதம் முடிந்த கையோடு அவர்களுக்குக் குறுஞ்செய்தியில் கேள்விகள் போயின. பதில் தந்தவர்கள் 565 பேர். அதில் 67 சதவீதம் டிரம்ப் வென்றார் என்றார்கள், 33 சதவீதம் பைடன் என்றார்கள்.

முறை நேர்மையானதுதான். ஆனால் அது எதை அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது நாட்டு மக்களின் கருத்து இல்லை. டிவி முன் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தவர்களின் கருத்து. அவர்களில் எந்தக் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு விவாதத்துக்கும் மாறும். 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டனும் டிரம்பும் முதல்முறை மோதியபோது, சிஎன்என் கணிப்பில் ஹிலாரி 62, டிரம்ப் 27 என்று வந்தது. பதில் சொன்னவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 41 சதவீதம், குடியரசுக் கட்சியினர் 26 சதவீதம். சிஎன்என்னே அதைச் சொல்லித்தான் வெளியிட்டது. இங்கே பகிரப்பட்ட படங்களில் 62, 27 மட்டும் இருந்தன.

இணையதளங்களில் "கிளிக் செய்து வாக்களியுங்கள்" என்று வருகிறதே, அதை நம்பலாமா?

வேண்டாம். யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தக்கூடிய பொத்தான் எதையும் அளக்காது. 2016இல் டிரம்ப் ஆதரவாளர்கள் இணைய மன்றங்களில் சுட்டிகளைப் பரப்பி, கூட்டமாகப் போய்க் குத்திவிட்டு வந்தார்கள். அந்த முடிவுகளைக் காட்டித் தானே வென்றதாக டிரம்பும் சொன்னார்.

இந்த வேலைக்கு இணையம் கூடத் தேவையில்லை. 1980இல் கார்ட்டர், ரீகன் விவாதம் முடிந்ததும் ஏபிசி தொலைக்காட்சி இரண்டு தொலைபேசி எண்களை அறிவித்தது. ஒன்று கார்ட்டருக்கு, ஒன்று ரீகனுக்கு. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். லட்சக்கணக்கில் அழைப்புகள் குவிந்தன. ரீகன் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் "வென்றார்". காசு கொடுத்துப் போன் செய்யும் அளவுக்கு வேகம் யாருக்கு இருந்தது என்பதைத்தான் அது காட்டியது. அப்போதே கருத்துக்கணிப்புத் துறையினர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

1960இல் ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றும், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும் சொன்னார்களாமே?

இந்தத் துறையின் மிகப் பிரபலமான கதை இது. கல்லூரி மேடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. பாதி உண்மை, பாதி வளர்த்தது.

நடந்ததைப் பார்ப்போம். 1960 செப்டம்பர் 26, சிகாகோ. அதிபர் தேர்தலுக்காகத் தொலைக்காட்சியில் நடந்த முதல் நேருக்கு நேர் விவாதம். நிக்சன் ஆகஸ்டில் கார் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதில் கிருமித் தொற்று ஏறி, வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து வந்தவர். எடை குறைந்து, சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. அவர் போட்டிருந்த சாம்பல் நிற கோட்டு, பின்னால் இருந்த சாம்பல் நிறத் திரையோடு கலந்துபோனது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கென்னடியின் கருநிற கோட்டு பளிச்சென்று தெரிந்தது. முறையான ஒப்பனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தாடி நிழல் தெரியாமலிருக்க நிக்சன் ஏதோ ஒரு பவுடரைப் பூசிக்கொண்டார். விளக்குச் சூட்டில் வியர்வை அதை மீறிக்கொண்டு வந்தது.

இதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. ஆனால் ரேடியோ கணக்கு? அது சிண்ட்லிங்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் ஒற்றைக் கணிப்பிலிருந்து வந்தது. அதில் ரேடியோவில் மட்டும் கேட்டவர்கள் 282 பேர். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றில் டிவி வந்துவிட்ட காலம் அது. அப்போதும் ரேடியோவை நம்பியிருந்தவர்களில் கிராமப்புற புராட்டஸ்டன்ட்கள் அதிகம் இருந்திருக்க வாய்ப்புண்டு. கத்தோலிக்கரான கென்னடியை ஏற்கத் தயங்கியவர்களும் அவர்களில்தான் அதிகம். அவர்களை டிவி முன் உட்கார வைத்திருந்தாலும் நிக்சன் என்றே சொல்லியிருக்கலாம். 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்து, அதன் அடித்தளம் எவ்வளவு மெலிது என்று காட்டினார்கள்.

அதோடு கதை முடியவில்லை. ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிவியலாளர், 1960 விவாதத்தைப் பற்றி முன்னறிவு இல்லாத 171 பேரைப் பிடித்து, சிலருக்குப் படத்தோடும் சிலருக்கு ஒலி மட்டுமாகவும் போட்டுக்காட்டினார். 2003இல் முடிவு வெளியானது. படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்று சொல்லும் சாய்வு கூடுதலாகவே இருந்தது. ஆளின் குணத்தை வைத்து எடைபோடுவதும் அவர்களிடம் கூடியிருந்தது. ஆக, பழைய சான்று மோசமாக இருந்தாலும் சொல்லவந்த விஷயம் முழுப் பொய்யில்லை.

இன்னொன்று. அந்த இரவு நிக்சனைக் கடித்தது வியர்வை மட்டும் இல்லை. "துணை அதிபராக நீங்கள் கொடுத்த எந்த யோசனையை ஏற்றீர்கள் என்று அதிபர் ஐசன்ஹோவரிடம் கேட்டதற்கு, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றாரே?" என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அனுபவசாலி என்ற பெயரில் ஓட்டுக் கேட்டவருக்கு அது சரியான அடி. அந்தக் கேள்வியை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. வியர்வைதான் நின்றுவிட்டது.

அதனால்தானே கென்னடி ஜெயித்தார்?

நாடு முழுவதும் சேர்த்து வித்தியாசம் ஏறத்தாழ 1,13,000 ஓட்டு, அதாவது 0.2 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு நெருங்கிய தேர்தலில் எதைச் சொன்னாலும் காரணமாகப் பொருந்தும். காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணிப்பில் விவாதத்துக்கு முன் நிக்சன் ஒரு புள்ளி முன்னால் இருந்தார், பிறகு கென்னடி மூன்று புள்ளி முன்னால் வந்தார். விவாதத்துக்குப் பங்கு இருந்தது என்று ஏற்கிறேன். அதுதான் தீர்மானித்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

விவாதத்தில் வென்றவர்தானே பொதுவாகத் தேர்தலிலும் வெல்கிறார்?

கணக்கைப் பாருங்கள். 1984இன் முதல் விவாதத்தில் 73 வயது ரீகன் தடுமாறினார், மாண்டேல் வென்றார் என்பதே பொதுக் கருத்து. ரீகன் 50இல் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 2004இல் ஜான் கெர்ரி முதல் விவாதத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை 53க்கு 37 என்று வென்றதாகக் காலப் சொன்னது. ஜெயித்தது புஷ். 2012 அக்டோபர் 3 அன்று டென்வரில் ஒபாமா குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, மிட் ராம்னி 72க்கு 20 என்று வென்றார். காலப் அதுவரை அளந்ததிலேயே பெரிய இடைவெளி அது. ஒரு மாதம் கழித்து ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளோடு (மாநில வாரியாகக் கிடைக்கும், அதிபரை முடிவு செய்யும் வாக்குகள்) மறுபடியும் அதிபர். 2016இல் ஹிலாரி மூன்று விவாதங்களையும் சிஎன்என் கணிப்பில் வென்றார். நாடு தழுவிய ஓட்டில் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியும் தேர்வாளர் வாக்கில் தோற்றார். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸ் 63க்கு 37. நவம்பர் முடிவு உங்களுக்கே தெரியும்.

தலைகீழ் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் பைடன் கணிப்பிலும் வென்றார், தேர்தலிலும் வென்றார்.

இவ்வளவு பேர் பார்த்தும் ஓட்டு ஏன் நகர்வதில்லை?

பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். நம் ஊரில் தன் கட்சித் தலைவரின் பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட யோசிக்கவா போகிறார்? முடிவு செய்யாமல் ஊசலாடுகிறவர்களில் பலருக்கு அரசியலே அலுப்பு. தொண்ணூறு நிமிட விவாதத்தை அவர்கள் பார்ப்பதில்லை. மறுநாள் முப்பது விநாடித் துண்டுதான் அவர்கள் கண்ணில் படும்.

அட்லாண்டா விவாதத்தைப் போல ஒருதலைப்பட்சமான மோதலை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவர்களிடமே சிஎன்என் கேட்டபோது 81 சதவீதம் பேர் தங்கள் ஓட்டில் இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்றார்கள். 14 சதவீதம் பேர் கொஞ்சம் யோசித்தார்கள், ஆனால் மாறவில்லை. ஆளை மாற்றிக்கொண்டதாகச் சொன்னவர்கள் 5 சதவீதம்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இதே கதைதான். கரோலின் லெ பெனெக், வின்சென்ட் பான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பத்து நாடுகளில் 1952 முதல் நடந்த 62 தேர்தல்களையும், 56 தொலைக்காட்சி விவாதங்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மனம் மாறுகிறவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். ஆனால் விவாத நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், விவாதம் அவர்களை நகர்த்தியதாகத் தெரியவில்லை.

ஆனால் டென்வருக்குப் பிறகு ராம்னி கணிப்புகளில் எகிறினாரே?

எகிறினார். பியூ ஆய்வு மையக் கணிப்பில் செப்டம்பரில் ஒபாமா 51, ராம்னி 43. விவாதத்துக்குப் பின் ராம்னி 49, ஒபாமா 45. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். அதே நாட்களில் ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக ஒரே கூட்டத்திடம் தினமும் கேள்வி கேட்ட தரவைப் பிறகு அலசினார்கள். பதில் சொன்னவர்கள் எந்தக் கட்சிக்காரர்கள், முந்தைய தேர்தலில் யாருக்குப் போட்டவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை வைத்துச் சரிசெய்தபோது அந்த எகிறலின் பெரும்பகுதி மறைந்துபோனது. ஆட்கள் மனம் மாறியது குறைவு. தங்கள் ஆள் சொதப்பியதைப் பார்த்த ஒபாமா ஆதரவாளர்கள் கணிப்புக்குப் பதில் சொல்வதைத் தவிர்த்தார்கள். ராம்னி ஆதரவாளர்கள் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். இந்திய அணி கேவலமாகத் தோற்ற மறுநாள் அலுவலகத்தில் கிரிக்கெட் பற்றிப் பேச்சே எழாது அல்லவா? ரசிகர்கள் அப்படியே இருக்கிறார்கள், வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த விவாதமும் எதையும் மாற்றியதில்லையா?

மாற்றியிருக்கிறது. நான் முதலில் சொல்வது 1980. அக்டோபர் 28, கிளீவ்லேண்ட், தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஒரே ஒரு கார்ட்டர், ரீகன் மோதல். எட்டுக் கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போது பலருக்குக் கார்ட்டர் மீது அலுப்பு வந்துவிட்டது. விலைவாசி ஒரு பக்கம், ஈரானில் பணயக் கைதிகள் மறுபக்கம். ஆனால் ரீகன் போர் வெறியரோ என்ற பயம் அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தது. மேடையில் வந்து நின்றவர் சிரித்த முகத்தோடு, பதறாமல் பேசினார். கடைசியில் "நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா?" என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டார். கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது, ரீகன் தள்ளினார். 44 மாநிலங்கள் அவருக்குப் போயின. கடைசி வாரத்தில் பணயக் கைதிகள் செய்தியும் சேர்ந்துகொண்டதால் முழுப் பெருமையையும் விவாதத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, தெரியாத முகத்துக்குக் கிடைக்கும் மேடை. 1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ அக்டோபர் தொடக்கத்தில் ஒற்றை இலக்கத்தில் கிடந்தார். மூன்று விவாதங்களிலும் தந்தை புஷ், பில் கிளின்டன் பக்கத்தில் நின்றபின் 19 சதவீத ஓட்டு வாங்கினார். அந்த ஆண்டு இருந்த வாய்ப்பு பின்னாளில் சுருங்கிவிட்டது. தேசியக் கணிப்புகளில் சராசரியாக 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று ஆணையம் பிறகு விதி வைத்தது.

"தோற்றார்" என்ற பெயரை யார் கட்டிவிடுகிறார்கள்?

பெரும்பாலும் விவாதத்துக்குப் பிந்தைய 24 மணி நேரம். 1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. "கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை" என்றார் அதிபர் ஃபோர்டு. போலந்து முதலான நாடுகள் சோவியத் பிடியில் இருந்த காலம் அது. கேள்வி கேட்ட செய்தியாளர் நம்ப முடியாமல் மறுபடி கேட்டுப்பார்த்தார், ஃபோர்டு விடவில்லை. அன்றிரவே ஃபோர்டு தரப்பினர் வாக்காளர்களுக்குப் போன் போட்டுக் கேட்டபோது ஃபோர்டுதான் வென்றார் என்றவர்களே அதிகம். போலந்து, கிழக்கு ஐரோப்பா எல்லாம் பெரும்பாலானோர் காதில் விழாமலே போய்விட்டிருந்தது. மறுநாள் பேப்பரும் டிவியும் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டன. மாலைக்குள் கணிப்பு தலைகீழானது. பார்த்த கண் அதேதான், பார்த்த விவாதமும் அதேதான்.

2000இல் அல் கோருக்கும் இதுவே நடந்தது. முதல் விவாத இரவில் காலப் கணிப்பு அவருக்கு 48, புஷ்ஷுக்கு 41 என்றது. புஷ் பேசும்போதெல்லாம் கோர் விட்ட பெருமூச்சுகள் மட்டும் தொகுக்கப்பட்டு, அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்ப ஓடின. நகைச்சுவை நிகழ்ச்சிகள் மீதியைப் பார்த்துக்கொண்டன. "அகம்பாவம்" என்ற முத்திரை விழுந்துவிட்டது.

திரையின் அடியில் நெளிந்து ஓடும் "நேரடி ரசிகர் கருத்து" கோடும் சாதாரணம் இல்லை. பிரிட்டனில் 2010 தேர்தல் விவாதத்தைச் சிலருக்குக் காட்டிய ஆய்வாளர்கள், அந்தக் கோட்டைத் தாங்களே பொய்யாக வளைத்தார்கள். ஒரு குழுவுக்குப் பிரதமர் பிரவுன் பக்கம், இன்னொரு குழுவுக்கு லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் க்ளெக் பக்கம். பார்த்தவர்கள் அந்தக் கோடு போன பக்கமே வெற்றியாளரைப் பார்த்தார்கள்.

உண்மைக்குப் புறம்பாகப் பேசினால் தோற்க மாட்டார்களா?

அப்படி நடப்பதில்லை. 2016 பிரச்சாரத்தின்போது டிரம்ப் பேசியதை உண்மை சரிபார்ப்போடு சேர்த்துக் காட்டி நடத்திய பரிசோதனைகளில், அவர் ஆதரவாளர்கள் கூடச் சரியான தகவலை ஏற்றுக்கொண்டார்கள். "ஆமாம், அவர் சொன்னது தப்பு." சரி, ஓட்டு? அதில் மாற்றம் இல்லை.

2024 ஜூன் விவாதம் ஒரு வேட்பாளரையே வெளியேற்றியதே! அது பாதிப்பு இல்லையா?

நான் பார்த்ததிலேயே மிகப் பெரிய பாதிப்பு. ஆனால் அது வாக்காளரிடம் நடந்ததில்லை, அதுதான் சுவாரசியம்.

அந்தக் காலையில் முதல் நிமிடத்திலேயே பைடனின் குரல் கரகரத்துத் தேய்ந்திருந்தது. ரசிகர்கள் இல்லாத அரங்கம், பேசாதவரின் மைக் அணைக்கப்பட்டிருந்தது. டிரம்ப் குறுக்கே பேசாமலிருக்க என்று பைடன் தரப்பு கேட்டு வாங்கிய ஏற்பாடு, கடைசியில் பைடனின் மௌனத்தைத்தான் பெரிதாக்கியது. தேசியக் கடனைப் பற்றிய பதிலில் சொல் சிக்கி, தலை குனிந்து, சில நொடிகள் தேடி, "கடைசியில் மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம்" என்று முடித்தார். முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அது, அவர் காக்க வேண்டிய திட்டம். திரையின் மறுபாதியில் டிரம்ப் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தேசியக் கணிப்புகள் இதற்குப் பின் நகர்ந்தது ஓரிரு புள்ளிதான். நகர்ந்தவர்கள் வேறு ஆட்கள்: நன்கொடையாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அடுத்த தேர்தலில் இவர் பெயருக்குக் கீழே தங்கள் பெயரும் வாக்குச்சீட்டில் வருமே என்று பயந்தவர்கள். ஜூலை 2 அன்று டெக்சாஸைச் சேர்ந்த லாய்ட் டாகெட் வெளிப்படையாக "விலகுங்கள்" என்ற முதல் ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பிறகு வரிசை நீண்டது. ஜூலை 21 அன்று, விவாதம் நடந்த 24ஆம் நாள், பைடன் விலகினார். அவர் இடத்தில் துணை அதிபர் கமலா ஹாரிஸ் வேட்பாளரானார்.

கமலா ஹாரிஸ் அவ்வளவு தெளிவாக வென்றும் ஏன் பலிக்கவில்லை?

தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் நம் பக்கம் இந்தக் கேள்வி வருத்தத்தோடேயே வரும்.

2024 செப்டம்பர் 10, பிலடெல்பியா. அவரே நடந்துபோய் டிரம்புக்குக் கை கொடுத்தார். டிரம்ப் கூட்டங்களிலிருந்து மக்கள் சலித்துப்போய்ப் பாதியில் கிளம்புகிறார்கள் என்று ஒரு தூண்டில் போட்டார், டிரம்ப் கவ்வினார். ஓஹையோவில் குடியேறிகள் நாய்களைத் தின்கிறார்கள் என்ற பேச்சு அதன்பின் வந்ததுதான். பார்க்கும் முன் யார் வெல்வார் என்று கேட்டபோது 50, 50 என்றிருந்த அதே வாக்காளர்கள், பார்த்தபின் ஹாரிஸ் 63 என்றார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் 4.7 கோடி டாலர் நன்கொடை வந்தது.

ஆனால் அதே கணிப்பின் இன்னொரு கேள்வியைப் பாருங்கள். பொருளாதாரத்தை யாரிடம் ஒப்படைக்கலாம்? டிரம்ப் 55, ஹாரிஸ் 35. விவாதத்துக்கு முன்பு இருந்ததைவிட அந்த இடைவெளி சற்று கூடியிருந்தது. நன்றாகப் பேசினார் என்பதை ஒப்புக்கொண்டவர்களே, மளிகை விலை என்று வந்தபோது வேறு பக்கம் பார்த்தார்கள். நவம்பரில் தேர்வாளர் வாக்குகள் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226. நான் அன்று காலை 63ஐப் பார்த்துவிட்டு 55ஐக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துணை அதிபர் விவாதங்களுக்கு மதிப்பு உண்டா?

நினைவுக்கு உண்டு, ஓட்டுக்கு அநேகமாக இல்லை. 1988இல் டான் குவேல் தன் அனுபவத்தைக் கென்னடியின் அனுபவத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள, லாய்ட் பென்ட்சன் "நீங்கள் ஜான் கென்னடி இல்லை" என்று வெட்டினார். அரங்கமே அதிர்ந்தது. துணை அதிபரானது குவேல். 2020இல் மைக் பென்ஸ், கமலா ஹாரிஸ் விவாதத்தில் பலருக்கு இன்று நினைவிருப்பது பென்ஸ் தலையில் வந்து உட்கார்ந்த ஈ.

நானே சொந்தமாகத் தீர்மானிக்க வேண்டுமானால் எப்படிப் பார்க்கலாம்?

நான் செய்வதைச் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுவேன்: இந்த வேட்பாளர் மீது மக்களுக்கு இருக்கும் பெரிய சந்தேகம் என்ன? ரீகனுக்குப் போர் பயம், பைடனுக்கு வயது, ஹாரிஸுக்கு "இவர் பைடனிடமிருந்து எதில் மாறுபடுகிறார்?" முடிந்தபின் அந்தச் சந்தேகம் குறைந்ததா, கூடியதா என்று மட்டும் பார்ப்பேன். பளீர் வசனங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்கூட்டியே "எங்கள் ஆள் பேச்சாளரே இல்லை" என்று கட்சிக்காரர்கள் அழுதால் அதையும் நம்ப வேண்டாம். தரையைத் தாழ்த்தி வைத்தால் தாண்டுவது சுலபம் என்பதுதான் கணக்கு.

முடிந்த கையோடு டிவியை அணைத்துவிடுவேன். ஸ்பின் ரூம் என்ற இடத்தில் கட்சிப் பேச்சாளர்கள் செய்தியாளர்களைச் சுற்றி வளைத்துத் தங்கள் ஆள் வென்றதாகச் சத்தியம் செய்துகொண்டிருப்பார்கள். பிலடெல்பியாவில் அந்த அறைக்கு டிரம்ப் தானே வந்துவிட்டார். வென்றவர் அங்கே வர வேண்டிய அவசியமில்லை என்று அன்றே பலர் எழுதினார்கள்.

அப்புறம் பத்து நாள் பொறுமை. ஒரே நிறுவனம் விவாதத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கணிப்பை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று புள்ளிக்குக் கீழான நகர்வைப் பிழை எல்லைக்குள் விட்டுவிடுங்கள். பென்சில்வேனியா, மிச்சிகன் மாதிரி ஊசலாடும் மாநிலங்களின் கணிப்பு கிடைத்தால் தேசிய எண்ணைவிட அதுவே மேல்.

ஒரு வேட்பாளர் விவாதத்துக்கே வராவிட்டால் மக்கள் தண்டிப்பார்களா?

1980இல் கார்ட்டர், சுயேச்சை ஆண்டர்சனோடு மேடையேற மறுத்து முதல் விவாதத்துக்கு வரவில்லை. அவர் தோற்றார், ஆனால் அதற்கு வேறு காரணங்கள் நிறைய. 2024இல் பிலடெல்பியாவுக்குப் பின் டிரம்ப் ஹாரிஸோடு இன்னொரு விவாதம் வேண்டாம் என்றார், வென்றார். எனக்குப் பிடித்த உதாரணம் நிக்சன். 1960இல் சூடு பட்டவர், 1968இலும் 1972இலும் விவாத மேடைப் பக்கமே போகவில்லை. இரண்டு முறையும் அதிபரானார், இரண்டாம் முறை 49 மாநிலங்களோடு.